பழைய லேத்தும் மூன்று தட்டுகளும்

கோவையிலிருந்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். மூடப்பட்ட பட்டறை ஒன்றிலிருந்து ஆறடி பெட் (அடிப்படுக்கை) கொண்ட பழைய லேத், அதாவது கடைசல் இயந்திரம் ஒன்று பழைய இரும்பு விலைக்குச் சற்று மேலே வருகிறது. பெட் தேய்ந்திருந்தாலும் கையாலேயே ஸ்கிரேப்பிங் செய்து, அதாவது மேடுகளைச் சுரண்டி எடுத்து, புதிது போல ஆக்கிவிடலாம் என்று தரகர் சொல்கிறார். இயந்திரம் சீவிய தளத்தைவிடத் துல்லியமான தளத்தை மனிதக் கை எப்படி உண்டாக்க முடியும் என்பதே அவருடைய ஐயம். தரகர் சொன்னது உண்மைதான். ஆனால் அந்த உண்மை இந்த லேத்துக்குப் பொருந்துமா என்பது வேறு கேள்வி. இரண்டையும் பார்ப்போம்.

லேத்தின் அடிப்படை எல்லோரும் அறிந்தது. சக்கில் பிடித்த உலோகம் சுழல்கிறது, டூல் அதன் நீளவாக்கில் நகர்ந்து சீவுகிறது. டூல் செல்லும் பாதை நேர்கோடாகவும் சுழலச்சுக்கு இணையாகவும் இருந்தால் உருளை கிடைக்கும். இல்லாவிட்டால் கூம்போ, நடுவில் பருத்த பீப்பாய் வடிவமோ கிடைக்கும். அந்த நேர்கோட்டைத் தருவது பெட். 1800-ஆம் ஆண்டை ஒட்டி லண்டனில் பொறியாளர் ஹென்றி மாட்ஸ்லே உலோகப் படுக்கையும் டூலை நகர்த்தும் லீட் ஸ்க்ரூவும் சறுக்கும் டூல் தாங்கியும் ஒன்றுசேர்ந்த லேத்தை உருவாக்கியதிலிருந்து இந்த அடிப்படை மாறவில்லை. நம் ஊர்ப் பட்டறைகளில் இன்றும் ஓடும் ஹரிஹர் மைசூர் கிர்லோஸ்கர், கோவை பி.எஸ்.ஜி., 1953-இல் தொடங்கிய எச்.எம்.டி. ஆகிய நிறுவனங்களின் பழைய லேத்துகளும் அதே வழி வந்தவை. அவற்றின் உடல் வார்ப்பிரும்பு; அதனுள் செதில் செதிலாகப் படிந்திருக்கும் கிராஃபைட் அதிர்வை அடக்குகிறது. வார்க்கும்போது உள்ளே தங்கிய இழுவிசைகள் பல ஆண்டுகளில் தளர்ந்துவிடுவதால் பழைய வார்ப்பு இனி எளிதில் வளையாது. மோட்டார், பெல்ட், பேரிங் எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளலாம். பழைய லேத்தை வாங்குபவர் உண்மையில் விலை கொடுப்பது அந்த வார்ப்புக்குத்தான்.

தேய்மானம் பெட் முழுவதும் சீராக வருவதில்லை. பெரும்பாலான வேலைகள் குட்டையானவை என்பதால் டூலைத் தாங்கி நகரும் சாடில் தன் வாழ்நாளின் பெரும்பகுதியைச் சக்கை ஒட்டிய ஓரடி, ஒன்றரையடிக்குள்ளேயே கழிக்கிறது; சீவல் பொடியும் எமரித் தாளின் துகளும் விழுவதும் அங்கேதான். அந்த இடத்தில் சாடில் சறுக்கும் இரு தண்டவாளங்களில் முன்பக்கத்தது பின்பக்கத்தைவிட அதிகமாகத் தேயும்போது, சாடில் இறங்குவதோடு நிற்காமல் இயக்குபவரை நோக்கிச் சாய்கிறது. இறங்குவதால் பெரிய கேடில்லை: 20 மி.மீ. விட்டமுள்ள கம்பியில் டூல் 0.05 மி.மீ. கீழே போனால் விட்டம் கால் மைக்ரான்தான் மாறும். சாய்வு அப்படியல்ல. தண்டவாளங்களுக்கிடையே 250 மி.மீ. இடைவெளி, அவற்றிலிருந்து டூல் முனை 200 மி.மீ. உயரம் என்று கொண்டால், முன்பக்கத்தின் அதே 0.05 மி.மீ. தேய்மானம் டூல் முனையை 0.04 மி.மீ. வெளியே தள்ளுகிறது; விட்டம் 0.08 மி.மீ. கூடிவிடுகிறது. நீளக் கம்பி சக்குப் பக்கம் பருத்து வருவதன் காரணம் இந்தச் சாய்வுதான்.

ஆகவே வாங்கப் போகிறவர் பெயிண்டைப் பார்க்க வேண்டியதில்லை. பளபளவென்று புதுப் பெயிண்ட் அடித்த லேத்தைக் கண்டால் கூடுதலாகவே சோதிக்க வேண்டும். சாடிலைச் சக்கருகே கொண்டுவந்து, அங்கே ஆட்டமில்லாமல் ஓடும்படி கிப்பை (தளர்வை நீக்கும் பட்டையை) இறுக்கிவிட்டு, மறுமுனையிலுள்ள டெயில்ஸ்டாக் பக்கம் ஓட்டிப் பாருங்கள். வழியில் கை கனத்து, ஓரிடத்தில் பிடித்துக்கொண்டால், இரு முனைகளுக்கும் இடையிலான தேய்மான வேறுபாட்டை உங்கள் கையே அளந்துவிட்டது என்று பொருள். அடுத்து, சக்கில் கனமான கம்பி ஒன்றைப் பிடித்து, சக்கின் மேல் டயல் கேஜை வைத்து, கம்பியைக் கையால் மேலே தூக்கினால் சக்கைச் சுழற்றும் ஸ்பிண்டிலின் பேரிங் தளர்வு முள்ளில் தெரியும். சக்குப் பக்கமுள்ள ஹெட்ஸ்டாக் பெட்டியைத் திறந்து கியர்ப் பற்களைக் காணுங்கள். பெட்டின் ஓரத்தில் அரத்தை இழுத்துப் பாருங்கள். அரம் வழுக்கினால் அது கடினமாக்கப்பட்ட பெட், அதில் கை ஸ்கிரேப்பிங் நடக்காது. மாற்றுக் கியர்கள், நீளக் கம்பியைத் தாங்கும் ஸ்டெடி, இரண்டாவது சக் ஆகியவை உடன் வருகின்றனவா என்று கேளுங்கள். தனித்தனியே தேடிச் சேர்த்தால் லேத்தின் விலையையே அவை எட்டிவிடும்.

ஒரு செய்தியை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். எவ்வளவு சரிப்படுத்தினாலும் கோணலாகவே சீவும் லேத்தை 'ராசியில்லாத மெஷின்' என்று குறைந்த விலைக்குத் தள்ளிவிடுபவர்கள் இருக்கிறார்கள். வாஸ்து பார்த்து இடம் மாற்றுபவர்களும் இருக்கிறார்கள். இடம் மாற்றிய பிறகு சில லேத்துகள் திருந்தவும் செய்கின்றன. வார்ப்பிரும்புப் பெட் எவ்வளவு கனமாக இருந்தாலும், நான்கு கால்களில் ஒன்று தரையில் சரியாக அமராவிட்டால் முறுக்கிக்கொள்ளும். புதிய இடத்தில் இறக்கியவர்கள் லெவல் பார்த்துக் கால்களை மட்டப்படுத்தியிருப்பார்கள், முறுக்கு விலகியிருக்கும். மீட்டருக்கு 0.02 மி.மீ. காட்டும் துல்லிய ரசமட்டத்தைச் சாடிலில் குறுக்காக வைத்து, பெட்டின் இரு முனைகளிலும் படித்துக் கால்களைச் சரிசெய்தால், எந்தத் திசையும் பார்க்காமல் அதே பலனை அடையலாம். ராசி என்று சொல்லி ஒதுக்கிய இயந்திரத்தை வாங்குபவருக்கு அது நல்ல பேரமாக அமைவதும் இதனால்தான். விற்பவர் இழப்பது அளந்து பார்க்காமல் விட்டதன் விலை.

இனி ஐயத்தின் மையத்துக்கு வருவோம். இயந்திரம் தன்னிடமுள்ள பிழையை வேலைப்பொருளுக்குக் கடத்துகிறது: வளைந்த பெட் கொண்ட பிளேனரில் (தளம் சீவும் இயந்திரத்தில்) சீவிய தளம் அதே வளைவோடுதான் வெளிவரும். அப்படியானால் முதல் நேர்த்தளம் எதிலிருந்து வந்தது? பார்த்துப் படியெடுக்க எந்த நேர்த்தளமும் இல்லாத நிலையில் நேர்த்தளத்தை உண்டாக்கியாக வேண்டுமே? மாட்ஸ்லேயின் பட்டறையில் பணிபுரிந்த ஜோசப் விட்வொர்த், 1840-இல் கிளாஸ்கோ நகரில் நடந்த பிரிட்டிஷ் அசோசியேஷன் என்ற அறிவியல் அமைப்பின் கூட்டத்தில் இதற்கான வழியை விளக்கினார். அதற்குத் தேவை மூன்று வார்ப்பிரும்புத் தட்டுகள் மட்டுமே.

தட்டுகளை அ, ஆ, இ என்போம். அ-வின் மேல் நீலச் சாயத்தை மிக மெல்லிய படலமாகத் தடவி, அதன் மேல் ஆ-வைக் கவிழ்த்துத் தேய்த்தால், இரண்டும் தொடும் இடங்களில் மட்டும் ஆ-வில் நீலம் ஒட்டும். அந்த மேடுகளைச் சுரண்டிவிட்டு மீண்டும் தேய்க்க வேண்டும். இப்படியே தொடர்ந்தால் இரண்டும் எங்கும் பொருந்திவிடும். ஆனால் பொருந்துவது தட்டையாக இருப்பதற்குச் சான்றாகாது. அ மேடாகவும் ஆ அதே அளவு பள்ளமாகவும் இருந்தாலும் அவை பொருந்தும். இப்போது இ-யையும் அ-வுக்குப் பொருத்துங்கள். அ மேடென்றால் இ-யும் பள்ளம். அடுத்து ஆ-வையும் இ-யையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டு பள்ளங்கள் ஒன்றையொன்று நோக்கும்போது ஓரங்களில் மட்டுமே நீலம் ஒட்டும், ஒளிந்திருந்த பிழை இரு மடங்காகி வெளிப்படும். அதை இரண்டிலும் பாதிப் பாதியாகச் சுரண்டி எடுத்து, அ-வை அவற்றுக்கு மீண்டும் பொருத்தி, சுற்றைத் தொடர வேண்டும்.

பள்ளிக்கூட இயற்கணிதத்தில் இதை மூன்று வரிகளில் எழுதிவிடலாம். மேட்டை நேர்மம், பள்ளத்தை எதிர்மம் என்று கொண்டால், ஒவ்வோர் இணையும் பொருந்துவதன் பொருள் அ + ஆ = 0, அ + இ = 0, ஆ + இ = 0. முதலிரண்டிலிருந்து ஆ-வும் இ-யும் சமம். மூன்றாவதன்படி அவற்றின் கூட்டுத்தொகை சுழி. எனவே மூன்றுமே சுழி. மூன்று சமன்பாடுகளுக்கு ஒரே தீர்வுதான் உண்டு, அந்தத் தீர்வின் பெயர் சமதளம். அளவுகோல் எதுவும் இல்லாமல், மூன்று கரடுமுரடான இரும்புத் துண்டுகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவதாலேயே முழுமையான சமதளத்தை நோக்கி நெருங்கிக்கொண்டே போக முடியும் என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது. ஒரே ஒரு பிழை மட்டும் இந்த வலையில் சிக்காது. மூன்று தட்டுகளும் ஒரே திசையில் முறுக்கிக்கொண்டிருந்தால், அவை ஒன்றோடொன்று பொருந்தும். சதுரத் தட்டுகளில் ஒன்றை 90 பாகை திருப்பி வைத்துத் தேய்த்தால் அதுவும் எதிரெதிர் மூலைகளில் நீலமாகக் காட்சி கொடுத்துவிடும்.

கை ஏன் இயந்திரத்தை வெல்கிறது என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. கையின் துல்லியம் எவ்வளவு என்ற கேள்வியே இதில் எழுவதில்லை. கார்பைடு நுனி கொண்ட ஸ்கிரேப்பரை இடுப்பால் அழுத்தி ஒரு தள்ளு தள்ளினால் சில மைக்ரான் ஆழத்துக்குப் பிறை வடிவச் செதில் ஒன்று கழலும். எங்கே தள்ள வேண்டும் என்பதை நீலப் புள்ளி சொல்கிறது. நீலப் படலத்தின் தடிமன் ஓரிரு மைக்ரான்தான் என்பதால் தீர்ப்பு அந்த நுண்மையில் வருகிறது. தொடக்கத்தில் தளத்தில் இரண்டு மூன்று பெரிய திட்டுகளே தெரியும். சுரண்டச் சுரண்டத் திட்டுகள் உடைந்து, ஒவ்வொரு சுற்றிலும் சுரண்டும் திசையை மாற்றும்போது இன்னும் சிறிதாகி, 25 மி.மீ. சதுரத்துக்குள் இருபதுக்குக் குறையாத புள்ளிகள் சீராகப் பரவி நிற்கும்போது தளம் தயார். நீலம் நன்றாக ஒட்டிய புள்ளிகளின் நடுவில் பளிச்சென்று ஒரு வெள்ளிப் பொட்டுத் தெரியும். மிக உயரமானவை அவையே, முதலில் அவற்றைத்தான் எடுக்க வேண்டும். புள்ளிகளுக்கு இடையே எஞ்சும் ஆழமற்ற குழிகளும் வீண் போவதில்லை. அவற்றில் எண்ணெய் தங்குவதால் சாடில் ஒட்டிக்கொண்டு திடுக்கிட்டு நகராமல் வழுவழுவென்று ஓடுகிறது; கண்ணாடிபோல் மழமழவென்று தேய்த்த இரண்டு தளங்கள் எண்ணெயைப் பிதுக்கித் தள்ளிவிட்டு ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும்.

இந்த நுண்மையில் வெயிலும் ஒரு பங்காளி. வார்ப்பிரும்பு ஒரு மீட்டருக்கு ஒரு செல்சியஸ் பாகைக்குச் சுமார் 11 மைக்ரான் நீள்கிறது. ஒன்றரை மீட்டர் நீளமும் 30 செ.மீ. உயரமும் கொண்ட பெட்டின் மேற்பகுதி, சன்னல் வழியே விழும் வெயிலால் அடிப்பகுதியைவிட ஒரே ஒரு பாகை சூடேறினால், நடுப்பகுதி ஏறத்தாழ 10 மைக்ரான் வில்லாக வளைந்து எழும். அந்த நேரத்தில் மேட்டைச் சுரண்டினால் மாலையில் அது பள்ளமாகிவிடும். அனுபவமுள்ள ஃபிட்டர்கள் விடியற்காலையில் அளப்பதும், நேர்கோட்டைச் சோதிக்கும் இரும்புச் சட்டமான ஸ்ட்ரெயிட் எட்ஜை வெறுங்கையால் நெடுநேரம் பிடிக்காமல் இருப்பதும் இதனால்தான்.

லேத் பெட்டில் இதைச் செய்யும்போது மூன்று தட்டுகள் தேவையில்லை. அந்த வழியில் பிறந்த, சமதளத் தட்டான சர்ஃபேஸ் பிளேட்டோ ஸ்ட்ரெயிட் எட்ஜோ இருந்தால் போதும். டெயில்ஸ்டாக் முனையிலும் ஹெட்ஸ்டாக் அடியிலும் தேயாமல் எஞ்சியிருக்கும் தளம் தொடக்கப் புள்ளியாகிறது. தேய்மானம் சில நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டருக்குள் இருந்தால் பொறுமையுள்ளவர் கையாலேயே முடித்துவிடலாம். 0.1 மி.மீ.யைத் தாண்டினால் என் கருத்து வேறு: பெட்டை கிரைண்டிங்குக்குக் கொடுத்துவிட்டு, சாடிலின் அடித்தளத்தை மட்டும் அதற்குப் பொருந்தும்படி கையால் ஸ்கிரேப்பிங் செய்வதே அறிவுடைமை. எப்படிச் செய்தாலும் எடுத்த அளவுக்குச் சாடில் கீழே இறங்கும்; அதனோடு அதன் முன்பக்கப் பெட்டியான ஏப்ரனும் இறங்குவதால் லீட் ஸ்க்ரூவும் அதைக் கவ்வும் ஹாஃப் நட்டும் ஒரே கோட்டில் நில்லாமல் போகும். சாடிலுக்கு அடியில் டர்சைட் என்ற வழுக்கும் பிளாஸ்டிக் பட்டையை ஒட்டி, அதையே ஸ்கிரேப்பிங் செய்து பழைய உயரத்துக்குக் கொண்டுவருவது வழக்கம். இந்தக் கணக்கைப் போடாமல் வாங்கியவர்கள்தாம் பாதியில் கைவிட்டு, பிரித்துப் போட்ட லேத்தை மீண்டும் இரும்பு விலைக்கே விற்கிறார்கள்.

ஐ.டி.ஐ. ஃபிட்டர் பாடத்திட்டத்தில் ஸ்கிரேப்பிங் இன்றும் இருக்கிறது. ஆனால் நிதி ஒதுக்கும்போது கணினி இயக்கும் சி.என்.சி. இயந்திரங்களுக்குக் கிடைக்கும் முன்னுரிமை, ஒரு நல்ல சர்ஃபேஸ் பிளேட்டுக்கும் அதைக் கற்பிக்கும் ஆசிரியருக்கும் கிடைப்பதில்லை என்பது என் வருத்தம். உயர்துல்லிய சி.என்.சி. இயந்திரங்களின் அடித்தளங்களையே அவற்றை உருவாக்கும் நிறுவனங்கள் இன்றும் கையால் ஸ்கிரேப்பிங் செய்கின்றன. இயந்திரங்களைப் பெற்றெடுக்கும் தாய் இயந்திரங்களை நாமே செய்ய வேண்டுமென்றால், பெங்களூரிலுள்ள மத்திய உற்பத்தித் தொழில்நுட்ப நிறுவனம் போன்ற இடங்களில் அளவியல் ஆய்வுக்குத் தொடர்ந்து நிதி வர வேண்டும். ஒவ்வொரு பாலிடெக்னிக்கிலும் மாணவர்கள் ஒருமுறையாவது மூன்று தட்டுகளைத் தங்கள் கையால் பொருத்திப் பார்க்க வேண்டும். அதற்கு ஆகும் செலவு மிகச் சிறியது.

விற்பவருக்கும் ஒரு சொல். பெயிண்டுக்குச் செலவிடும் பணத்தை லெவல் பார்ப்பதற்குச் செலவிடுங்கள். தடித்த கம்பி ஒன்றைச் சக்கில் பிடித்து, சக்கருகே ஒரு பட்டை, 150 மி.மீ. தள்ளி இன்னொரு பட்டை என இரண்டை மட்டும் ஒரே சீவலில் கடைந்து, இரண்டின் விட்டத்தையும் மைக்ரோமீட்டரால் அளந்து, அந்தக் கம்பியை லேத்தின் மேலேயே வைத்திருங்கள். வேறுபாடு 0.01 மி.மீ. என்றால் விலையை உறுதியாகச் சொல்லலாம், 0.1 மி.மீ. என்றால் அதையும் மறைக்காமல் சொல்லி, ஸ்கிரேப்பிங் தெரிந்த ஒருவர் வரும்வரை காத்திருக்கலாம். கோவை வாசகர் லேத்தைப் பார்க்கப் போகும்போது கேட்டு வாங்க வேண்டியதும் அந்தக் கம்பியைத்தான். மின் இணைப்பு இல்லை, ஓட்டிக் காட்ட முடியாது என்று சொன்னால், பெட்டும் ஸ்பிண்டிலும் தேய்ந்தவை என்றே வைத்துக்கொண்டு, கிரைண்டிங் செலவைக் கழித்து விலை கேட்கட்டும்.