துளையிலிருந்து வரும் துகள்: பேட்டரி டிரில்லும் பொருள்களின் இயல்பும்

மரப்பலகையைத் துளைக்கும் டிரில் பிட்டின் பள்ளங்கள் வழியே மெல்லிய சீவல் ஏறி வருகிறது. இரும்புத் தகட்டிலிருந்து பளபளக்கும் சுருள் வருகிறது. கான்கிரீட்டிலிருந்து மாவு போன்ற தூள் கொட்டுகிறது. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கான அக்ரிலிக்கிலோ, வேகம் மிஞ்சிவிட்டால், துகளே வராமல் உருகிய பசை பிட்டைச் சுற்றி அப்பிக்கொள்கிறது. சுழற்றும் கருவி ஒன்றுதான் என்றாலும் ஒவ்வொரு பொருளும் தன் போக்கில் உடைகிறது. பாதுகாப்பு விதிகளில் பலவும் இந்த வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன.

மின்கம்பி இல்லாததால் பேட்டரி டிரில் சாதுவானது என்று எண்ணுவது தவறு. 18 வோல்ட் பேட்டரி என்பது 3.6 வோல்ட் லித்தியம் அயனி செல்கள் ஐந்தைத் தொடராக இணைத்தது. அதனால் ஷாக் அடிக்கும் அபாயம் குறைவு என்பது உண்மையே. ஆனால் நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்று ஓடும் சிறிய மோட்டாரின் வேகத்தைப் பற்சக்கரங்கள் குறைத்து, அதற்கு ஈடாக முறுக்குவிசையைப் பெருக்கித் தருகின்றன. 60 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை கொண்ட டிரில்லின் பிட் திடீரென்று சிக்கிக்கொண்டால், சுழல முடியாத பிட்டுக்குப் பதிலாகக் கருவியே எதிர்த்திசையில் சுழலப் பார்க்கும். அச்சிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்திருக்கும் கை அப்போது 300 நியூட்டன் விசையை, அதாவது ஏறத்தாழ 30 கிலோ எடையை, ஒரு நொடிக்குள் தாங்கியாக வேண்டும். மணிக்கட்டு பிசகுவது இப்படித்தான்.

பிட் பெரும்பாலும் சிக்குவது துளை மறுபுறம் திறக்கும் தறுவாயில், அதிலும் உலோகத் தகட்டில். அதுவரை சீராகச் செதுக்கி வந்த வெட்டுமுனை, மிஞ்சியிருக்கும் மெல்லிய விளிம்பைத் திருகாணி போலக் கவ்விவிடுகிறது. தகட்டைக் கையால் பிடித்திருந்தால் அது பிட்டோடு சேர்ந்து கத்தியாகச் சுழலும். ஆகவே தகட்டைக் கிளாம்ப் போட்டு இறுக்கி, பக்கக் கைப்பிடி இருந்தால் அதையும் பற்றி, துளை முடியும் நேரத்தில் அழுத்தத்தைத் தளர்த்த வேண்டும். துளையிடும்போது தொளதொளப்பான கையுறை அணியக் கூடாது; சுழலும் பிட் துணியைப் பற்றினால் விரலையும் சேர்த்தே இழுக்கும். இன்னொன்று பலரும் கவனிக்காதது: பிட்டைப் பிடித்திருக்கும் சக்கின் பின்னாலுள்ள வளையத்தைப் பிட் படத்துக்குத் திருப்பினால், முறுக்குவிசை மிஞ்சும்போது நழுவி விடுவிக்கும் கிளட்ச் பெரும்பாலான டிரில்களில் விலகிவிடும். அந்த வளையத்திலுள்ள எண்கள் ஸ்க்ரூ முடுக்குவதற்கானவை. துளையிடும்போது நம்மைக் காக்கக் கிளட்ச் இருக்காது.

உலோகத்தில் வெப்பமும் ஒரு சிக்கல். 10 மில்லிமீட்டர் பிட் நிமிடத்துக்கு 900 சுற்று சுழன்றால் அதன் வெளிவிளிம்பு அந்த ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ 28 மீட்டர் பயணிக்கிறது. சாதாரண இரும்புக்கு அதுவே போதும். பிட் பெரிதாக ஆக வேகம் குறைய வேண்டும் என்பதன் காரணம் இதுதான். அதே பிட்டின் நட்டநடுவிலோ நகர்வே இல்லை. அங்குள்ள குறுகிய விளிம்பு வெட்டுவதில்லை, நசுக்கி ஒதுக்குகிறது. அதனால் தொடக்கத்தில் பிட் வழுக்கி அலைகிறது. சென்டர் பஞ்ச் என்னும் கூர்முனைக் கம்பியால் தட்டிய சிறு குழி அதை அடக்கும். எவர்சில்வர் இன்னும் முரண்டு பிடிக்கும்: வெட்டாமல் வெறுமே தேய்க்கப்பட்டால் அதன் மேற்பரப்பு இறுகிக் கடினமாகிவிடும். குறைந்த வேகம், விடாத அழுத்தம், ஓரிரு சொட்டு எண்ணெய் ஆகியவையே அதற்கு வழி.

மரம் அவ்வளவு தொல்லை தருவதில்லை. பின்னால் ஒரு பழைய பலகையை வைத்து இறுக்கினால் மறுபுறம் நார் பிய்யாது.

கான்கிரீட் அழுத்தத்தைப் பெரிதும் தாங்கும். இழுவிசைக்கு எளிதில் விரிசல் விடும். அதை வெட்டுவதைவிட நொறுக்குவதே சுலபம். ஹேமர் நிலையில் இரு பல் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்கி, நிமிடத்துக்குப் பல்லாயிரம் முறை பிட்டை முன்னே தட்டுகின்றன. மிகக் கடினமான டங்ஸ்டன் கார்பைடு முனை அந்த அடியைத் தாங்குகிறது. அதே அடி டைல்ஸில் விழுந்தால் மேலிருக்கும் கண்ணாடிப் பூச்சு தெறித்து, டைல்ஸே பிளக்கலாம். எனவே டைல்ஸைத் தாண்டும்வரை ஹேமரை நிறுத்தி, டைல்ஸுக்கான ஈட்டிமுனை பிட்டை மெதுவாக ஓட்டுவதே முறை. சுவரைத் தொடுமுன் சுவிட்சுக்கு நேர்மேலும் கீழும் பக்கவாட்டிலும் வயர் ஓடக்கூடும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். கொட்டும் தூளில் சிலிக்கா உண்டு. கண்ணுக்குத் தெரியாத அதன் நுண்துகள்கள் நெடுநாள் சேர்ந்தால் நுரையீரலைத் தழும்பாக்கும் என்பதால், துகள்களை வடிகட்டும் முகக்கவசம் அவசியம்.

அக்ரிலிக் 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே இளகத் தொடங்குகிறது; வெப்பத்தைக் கடத்தி வெளியேற்றவும் அதற்குத் தெரியாது. அடிக்கடி பிட்டை வெளியே இழுத்து ஆறவிட்டு, குறைந்த வேகத்தில் மெல்ல இறக்க வேண்டும். கடைசி மில்லிமீட்டரில் அவசரப்பட்டால் விரிசல் நிச்சயம்.

எந்தப் பொருளானாலும் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்தே துளையிட வேண்டும்; பிட்டை மாற்றுமுன் பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும். வேலை முடிந்ததும் இரும்புச் சுருளை வாயால் ஊதவோ கையால் வழிக்கவோ கூடாது. அதன் ஓரம் பிளேடு போன்றது, அப்போதுதான் வெளிவந்தது என்றால் சுடவும் செய்யும். ஒரு பிரஷ் போதும்.