உள்ளே கழுவாதீர்கள்

“சுத்தமாகத்தானே மேடம் வைத்திருந்தேன்?” என்று அழுதுகொண்டே கேட்டார் அந்தப் பெண். 29 வாரக் கர்ப்பம். பனிக்குடம் உடைந்து ஒன்பது மணி நேரம் கழித்து வந்து சேர்ந்தார். 1,200 கிராமில் பிறந்த குழந்தை இதை எழுதும்போது தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறது. வெள்ளைப்படுதல் அதிகம் என்று மாமியாரிடம் சொன்னபோது அவர் படிகாரத் தண்ணீரில் கழுவச் சொல்லியிருக்கிறார். மருந்துக்கடையில் கேட்டதற்குக் கிருமிநாசினி பாட்டில் ஒன்றை எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு மாதம், காலையும் மாலையும், பிறப்புறுப்பின் உள்ளே பீய்ச்சிக் கழுவியிருக்கிறார். மாதப் பரிசோதனைக்கு வந்தபோது அவர் இதைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அது என் தவறு. இப்போது எல்லோரிடமும் கேட்கிறேன். கேட்கக் கேட்க வயிறு கலங்குகிறது. அத்தனை பேர் இதைச் செய்கிறார்கள்.

கழுவியதால்தான் பனிக்குடம் உடைந்தது என்று இந்த ஒருவரை வைத்து நான் சத்தியம் செய்ய மாட்டேன். குறைப்பிரசவத்துக்குக் காரணங்கள் பல. ஆனால் அவரிடம் எடுத்த மாதிரியை நுண்ணோக்கியில் பார்த்தபோது, அங்கே குடியிருக்க வேண்டிய லாக்டோபேசில்லஸ் என்னும் நல்ல பாக்டீரியா ஒன்றுகூடத் தென்படவில்லை. அந்த இடத்தை வேறு பாக்டீரியாக்கள் அடைத்துக்கொண்டிருந்தன.

வெள்ளைப்படுதல் அழுக்கு அல்ல. உடல் சூட்டால் வருவதும் அல்ல. எலும்பு உருகி வெளியே வருகிறது என்று இன்றைக்கும் படித்த பெண்கள் என்னிடம் சொல்கிறார்கள். எலும்பு அப்படி உருகி வராது, அம்மா. கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜன் ஏறுகிறது. பிறப்புறுப்பின் உட்சுவரில் கிளைகோஜன் என்னும் மாவுச்சத்து சேர்கிறது. அதை உண்டு லாக்டோபேசில்லஸ் பெருகி, லாக்டிக் அமிலம் சுரக்கிறது. அந்தப் புளிப்பில், அதாவது 3.8 முதல் 4.5 வரையிலான pH அமிலத்தன்மையில், கெடுதல் செய்யும் கிருமிகள் பெரும்பாலும் தலைதூக்க முடியாது. ஜெர்மானிய மகப்பேறு மருத்துவர் ஆல்பர்ட் டோடர்லைன் இந்தப் பாக்டீரியாவை விவரித்தது 1892-இல். நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தெரிந்த செய்தியை நம் குளியலறைவரை கொண்டுபோய்ச் சேர்க்க நம்மால் முடியவில்லை.

ஆகவே, நாற்றமும் அரிப்பும் இல்லாமல், வெள்ளையாகவோ நிறமற்றோ, சற்று வழவழப்பாக, வழக்கத்தைவிட அதிகமாகப் படுவது கர்ப்பத்தில் இயல்பு. அதைக் கழுவி அகற்ற நினைப்பது, வீட்டுக் காவலாளியை அழுக்கு உடை உடுத்தியிருக்கிறான் என்று விரட்டிவிடுவதைப் போன்றது. கிருமிநாசினிக்கு நல்லது கெட்டது தெரியாது. சோப்பு காரத்தன்மை உடையது. படிகாரம், வேப்பிலைத் தண்ணீர், மஞ்சள் தண்ணீர் எதுவும் உள்ளே வேண்டாம். வெறும் தண்ணீரைப் பீய்ச்சுவதும் வேண்டாம். லாக்டோபேசில்லஸ் நல்லது என்று சொன்னவுடன் தயிரை எடுத்துத் தடவியவர்களையும் பார்த்திருக்கிறேன். தயிரை உறையவைக்கும் பாக்டீரியா அதே குடும்பத்துத் தூரத்து உறவுதான். அங்கே குடியிருப்பது வேறு இனம். தயிரைச் சாப்பிடுங்கள், போதும்.

இனி, பலர் அறியாத பகுதி. இந்தப் பாக்டீரியாவோடு உடலின் எதிர்ப்பாற்றலும் அங்கே ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறது. கருப்பை வாயை அடைத்து நிற்கும் சளிக்கட்டியில் எதிர்ப்பொருள்களும் கிருமியைக் கொல்லும் சிறு புரதங்களும் நிறைந்திருக்கின்றன. லாக்டோபேசில்லஸ் இருக்கும்வரை இந்தக் காவல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். அது குறைந்து கார்ட்னரெல்லா போன்ற வேறு பாக்டீரியாக்கள் பெருகினால், அவற்றின் நொதிகள் சளியைக் கரைக்கின்றன. சுவரின் செல்கள் இன்டர்லியூக்கின் என்னும் அபாயச் சங்கை ஊதுகின்றன. வெள்ளையணுக்கள் திரள்கின்றன. அந்த அழற்சி மேலே பரவினால் பனிக்குடச் சவ்வு வலுவிழக்கும், கருப்பை சுருங்கத் தொடங்கும். கிருமி குழந்தையைத் தொடும் முன்பே, உடல் காட்டும் இந்தப் பதற்றமே பிரசவத்தை முன்னால் இழுத்துவிடலாம்.

ஒரே மாதிரியான பாக்டீரியா இருந்தும் எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. பீட்டா டிஃபென்சின்-2 என்னும் காப்புப் புரதம் அதிகம் உள்ள பெண்களுக்கு ஆபத்து குறைவாக இருந்ததை 2019-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. கண்மூடித்தனமாக ஆன்டிபயாடிக் கொடுத்துத் தீர்க்கும் விஷயமும் அல்ல இது. பாக்டீரியாச் சமநிலை குலைந்திருந்த, ஆபத்துக் குறைவான ஏறத்தாழ 2,900 கர்ப்பிணிகளைப் பிரான்சில் ஆராய்ந்தார்கள். கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே கிளிண்டாமைசின் என்னும் ஆன்டிபயாடிக் கொடுத்தும் குறைப்பிரசவம் குறையவில்லை என்பது 2018-இல் வெளிவந்த முடிவு. என் சக மருத்துவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: வெள்ளைப்படுதல் என்றவுடன் மூன்று மருந்து சேர்ந்த அட்டையை எழுதிக்கொடுக்காதீர்கள். அமிலத்தன்மை பார்க்கும் தாள், ஒரு துளி பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, ஒரு நுண்ணோக்கி. இவற்றைக் கொண்டு பாக்டீரியாச் சமநிலை குலைந்ததைக் கண்டறியும் ஆம்செல் விதிகள் 1983-இலிருந்து நம் கையில் இருக்கின்றன. பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும்.

தொல்லை கொடுக்கும் தொற்றுக்கு அவசியம் மருந்து வேண்டும். மீன் வாடை, தயிர்த் திரளைப் போன்ற கட்டியுடன் அரிப்பு, பச்சை அல்லது மஞ்சள் நிறம், எரிச்சல், இரத்தக்கறை, இவற்றில் எது இருந்தாலும் அடுத்த பரிசோதனைத் தேதிவரை காத்திருக்காதீர்கள். கூச்சப்பட்டுக்கொண்டு மறைக்காதீர்கள், எங்களுக்கு இது தலைவலியைப் போல ஒரு செய்திதான். கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொன்னாலும் போதும். பூஞ்சைத் தொற்றுக்கு விழுங்கும் மாத்திரையைக் கடையில் நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள். கர்ப்பத்தில் உள்ளே வைக்கும் மாத்திரையைத்தான் நாங்கள் தேர்ந்தெடுப்போம். அரிப்பு திரும்பத் திரும்ப வந்தால் சர்க்கரையைப் பாருங்கள். உடலுறவால் பரவும் டிரைக்கோமோனாஸ் என்னும் தொற்று என்று தெரிந்தால் கணவருக்கும் சிகிச்சை உண்டு. அதற்கு முகம் சுளிக்கும் கணவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன், வந்துவிட்டுப் போங்கள். வெளிப்புறத்தை மட்டும் வெறும் தண்ணீரால், முன்னிருந்து பின்னாகக் கழுவுங்கள். பருத்தி உள்ளாடை போதும். பவுடர், வாசனைத் திரவம் எதுவும் வேண்டாம்.

தொடையில் திடீரென நீர் வழிந்தால் சிறுநீர்தான் என்று நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள். அந்தப் பெண் அப்படித்தான் நினைத்தார். இன்னொரு முறை உள்ளே கழுவிவிட்டு, எமகண்டம் முடியட்டும் என்று வீட்டில் காத்திருந்தார். அந்த நேரத்தில் வந்திருந்தால் குழந்தையின் நுரையீரலுக்கான ஊசியை முன்பே போட்டிருக்கலாம். சுத்தமான காய்ந்த துணியை வைத்துக்கொண்டு, நீர் வந்த நேரத்தையும் அதன் நிறத்தையும் மனதில் குறித்துக்கொண்டு, எதையும் உள்ளே விடாமல், 108-ஐ அழைத்துப் புறப்படுங்கள்.