மீன் லோடு ஓடும் பழைய பிக்கப்பா? பிரேக் பைப்பை முதலில் பாருங்கள்

தூத்துக்குடி பக்கம் மீனும் உப்பும் ஏற்றுகிற பழைய பிக்கப் வண்டிகள்தான் என் பட்டறைக்கு அதிகம் வருகின்றன. "அண்ணே, பெடல் கொஞ்சம் கீழே போகுது, லைனிங் மாத்திருங்க" என்பார்கள் டிரைவர்கள். சக்கர டிரம்மை உரசி நிறுத்துகிற அந்த லைனிங் நன்றாகவே இருக்கும். அடியில் படுத்துப் பார்த்தால் பின்சக்கரத்துக்குப் போகிற பிரேக் பைப் துருவேறி, செதில் செதிலாக உரிந்து, கிளிப் பிடித்திருக்கும் இடத்தில் ஆயில் கசிந்துகொண்டிருக்கும்.

மீன் பெட்டியிலிருந்து வடிவது உப்புத் தண்ணீர். அது பாடி இடுக்கு வழியாக சேஸில் இறங்கி, கிளிப்புக்கும் பைப்புக்கும் நடுவில் சேறோடு சேர்ந்து காயாமல் கிடக்கும். பைப்போ மெல்லிய இரும்புக் குழாய். சும்மா மிதிக்கும்போது தாங்கிக்கொள்ளும். மாடு குறுக்கே வந்து முழு பலத்தோடு மிதிக்கிற நேரத்தில்தான் உள்ளே அழுத்தம் உச்சத்துக்கு ஏறுகிறது, அரித்த இடமும் அப்போதுதான் வெடிக்கிறது. பெடலை மிதித்ததும் ஆயிலைப் பைப்புக்குள் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரில் இரண்டு அறை இருப்பதால் பாதி பிரேக் மிஞ்சும், சரி. ஆனால் பெடல் ஆழத்துக்குப் போய்விடும், லோடோடு வரும் வண்டி நினைத்த இடத்தில் நிற்காது.

எனக்குப் பெரிய கவலை எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று) நேரத்துப் பெயிண்ட். 8 வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருடா வருடம் எஃப்சி எடுக்க வேண்டும், அதற்கு முன்னால் துருவைச் சுரண்டாமலே அடியில் கறுப்பு அடித்துவிடுகிறார்கள். வண்டி புதுசு மாதிரி தெரியும், பைப் உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருக்கும். தயவுசெய்து பெயிண்டுக்கு முன்னால் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய இன்ஜின் ஆயிலை ஸ்பிரே செய்யவும் விடாதீர்கள், அது பிரேக் ஹோஸ் ரப்பரை ஊறவைத்துக் கெடுத்துவிடும்.

அரித்த துண்டை மட்டும் வெட்டிவிட்டு ஏசி காப்பர் டியூப்பை வைத்துப் பற்றவைக்கும் வேலையும் நடக்கிறது. வேண்டவே வேண்டாம், அதிர்வில் விரிசல் விடும். பைப்பை முழு நீளத்துக்கும் மாற்றுங்கள். அப்படியே பிரேக் ஆயிலையும் மாற்றிவிடுங்கள், ஏனென்றால் அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை தாங்கவேண்டிய டாட் 3 ரக பிரேக் ஆயில், ஈரம் ஏறியபின் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம்.

அமெரிக்காவில் பனிக்காலத்தில் சாலையில் உப்பு தூவுகிற மாநிலங்களிலும் இதே பிரச்சினைதான். பழைய பிக்கப்களின் பிரேக் பைப் துருவை விசாரித்த அங்குள்ள சாலைப் பாதுகாப்புத் துறை 2015-இல், அடிப்பாகத்தைக் கழுவுங்கள், பைப்பைச் சோதியுங்கள் என்று அறிவுறுத்தியது. நம் ஊருக்கும் அதுதான் வழி: லோடு இறக்கிய அன்றே நல்ல தண்ணீரில் அடிப்பக்கம் கழுவ வேண்டும், போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தால் பிரயோசனமில்லை.

காலையில் வண்டி எடுக்கும்போது இன்ஜின் ஓட, பெடலை ஒரு நிமிடம் அழுத்தியே வைத்திருங்கள். மெல்ல மெல்ல இறங்கினாலோ, பின்சக்கரத்தின் உள்பக்கம் ஈரமாக இருந்தாலோ அன்றைக்கு லோடு ஏற்றாதீர்கள். ஹேண்ட் பிரேக்கையும் ஒரு தடவை இழுத்துப் பாருங்கள், உப்பில் கேபிள் இறுகிப்போய் சக்கரத்தைப் பிடிக்காத வண்டிகள் நிறைய ஓடுகின்றன.