ஜீப்புக்கு டீசல் இன்ஜின்: கணக்கைக் கிரவுனிலிருந்து தொடங்குங்கள்

கானாடுகாத்தானில் எங்கள் வீட்டுக் கார் ஷெட்டில் ஐயா காலத்து வில்லிஸ் ஜீப் ஒன்று நிற்கிறது. அதன் பெட்ரோல் இன்ஜின் ஓய்ந்துபோனதும், பட்டறைக்காரர் ஒருவரின் யோசனைப்படி டிராக்டரிலிருந்து கழற்றிய டீசல் இன்ஜினைப் போட்டோம். இழுவைக்குக் குறையே இல்லை. ஆனால் திருச்சி ரோட்டில் ஏறியதும் விஷயம் தெரிந்துவிட்டது. மணிக்கு 54 கிலோமீட்டர், அதற்கு மேல் முள் நகரவில்லை. ஆக்சிலேட்டரைத் தரையோடு அழுத்தினாலும் இரைச்சல்தான் கூடியது.

இன்ஜினில் எந்தப் பழுதும் இல்லை. அந்த 54 ஒரு பெருக்கல் கணக்கின் விடை. வாங்கும் முன்பே ஒரு துண்டுத் தாளில் அதைப் போட்டுப் பார்த்திருக்கலாம்.

ஜீப்பின் டயர் ஒரு சுற்று உருண்டால் வண்டி சுமார் 2.2 மீட்டர் நகரும். பின் ஆக்சிலில், புரொபெல்லர் ஷாஃப்ட் (கியர் பாக்சிலிருந்து ஆக்சிலுக்கு வரும் தண்டு) சுழற்றும் சின்னப் பல்சக்கரமான பினியனுக்கு 8 பல், பினியன் சுழற்றும் பெரிய பல்சக்கரமான கிரவுனுக்கு 43 பல். அதாவது சக்கரம் ஒரு முறை சுற்ற புரொபெல்லர் ஷாஃப்ட் 5.38 முறை சுற்ற வேண்டும். டாப் கியரில் இன்ஜினும் அதே வேகத்தில்தான் சுற்றும். டிராக்டர் இன்ஜினின் கவர்னர் (சுற்று வேகத்தைப் பார்த்து டீசலைக் கூட்டிக் குறைக்கும் கருவி) நிமிடத்துக்கு 2200 சுற்றோடு டீசலைக் கட்டுப்படுத்திவிடும். 2200-ஐ 5.38-ஆல் வகுத்தால் சக்கரத்துக்கு 409 சுற்று. அதை 2.2-ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு 900 மீட்டர். மணிக்கு 54 கிலோமீட்டர்!

பழைய பெட்ரோல் இன்ஜின் 4000 சுற்று வரை போகும் என்பதால் ஜீப்பைச் செய்தவர்கள் 5.38 வைத்தார்கள். இன்ஜினை மட்டும் மாற்றிவிட்டுக் கிரவுனை அப்படியே விட்டது எங்கள் தவறு.

டீசல் இன்ஜின் ஏன் அவ்வளவு வேகமாகச் சுற்றுவதில்லை? பெட்ரோல் இன்ஜினில் எரிபொருளும் காற்றும் முன்கூட்டியே கலந்து உள்ளே வரும். பிளக் பொறி வைத்தால் போதும். டீசலில் உள்ளே வருவது வெறும் காற்று. பிஸ்டன் அதை இருபதில் ஒரு பங்காக நசுக்கும்போது அதன் சூடு 500 டிகிரியைத் தாண்டிவிடும். அந்தக் கொதிக்கும் காற்றில்தான் நாசில் டீசலைப் பீச்சுகிறது. துளிகள் ஆவியாகி, காற்றைத் தேடிக் கலந்து, தானாகப் பற்ற வேண்டும். 2200 சுற்றில் ஒரு முழுச் சுற்றுக்கே 27 மில்லிசெகண்ட்தான். எரிவதற்கான நல்ல நேரம் அதில் இரண்டு மூன்று மில்லிசெகண்ட். சுற்றை இரட்டிப்பாக்கினால் அந்த நேரம் பாதியாகும். அப்புறம், அவ்வளவு அழுத்தத்தைத் தாங்கப் பிஸ்டனும் ராடும் கனமாக இருக்க வேண்டும். கனமான பிஸ்டனை மேலும் கீழும் ஆட்டும் விசையோ, சுற்று இரட்டிப்பானால் நான்கு மடங்காகும்.

ஆகவே புது இன்ஜினைத் தேடும்போது நான் கேட்கும் முதல் கேள்வி, அது அதிகபட்சம் எத்தனை சுற்று போகும் என்பதே. குதிரைத்திறன் அப்புறம்தான்.

'டீசல் என்றாலே டார்க் (முறுக்கு விசை) அதிகம்' என்று எல்லோரும் சொல்வார்கள். டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி) இல்லாத பழைய இன்ஜின்களுக்கு அது பொருந்தாது. வில்லிஸின் 2199 சிசி பெட்ரோல் இன்ஜின் சுமார் 150 நியூட்டன் மீட்டர் டார்க் கொடுத்தது. மஹிந்திரா பின்னாளில் ஜீப்புகளில் பொருத்திய 2112 சிசி பெஜோ டீசல் ஏறக்குறைய 120. கிட்டத்தட்ட ஒரே அளவு இன்ஜின்கள், டீசல்தான் குறைவு. காரணம் புகை. உள்ளே இருக்கும் காற்று முழுவதையும் டீசல் துளிகளால் தேடிப் பிடிக்க முடியாது. காற்றின் அளவுக்குச் சரியாக டீசலை ஊற்றினால் கொஞ்சம் எரியாமல் கரும்புகையாக வெளியேறும். அதனால் பம்ப்பில் டீசலைக் குறைத்தே வைக்கிறார்கள். பெட்ரோலுக்கு இணையான இழுவை வேண்டுமென்றால் சிசி கூடுதலாகப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் டர்போ வேண்டும். மஹிந்திரா அப்புறம் 2523 சிசிக்குப் போனதை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

சரி, அப்படியானால் டீசல் வண்டி இழுக்கிறது என்று காலுக்குத் தெரிகிறதே, அது பொய்யா? பொய்யில்லை. அது கவர்னர் செய்யும் வேலை. ஆக்சிலேட்டரை ஒரே நிலையில் வைத்திருக்கும்போது வண்டி மேடேறினால் சுற்று குறையும். உடனே கவர்னர் தானாகவே டீசலைக் கூட்டிக் கொடுக்கும். பெட்ரோல் வண்டியில் அந்த வேலையை நம் கால் செய்ய வேண்டும். கனமான ஃபிளைவீலும் சேர்ந்துகொள்வதால் டீசல் லேசில் அடங்காது.

எங்கள் வண்டிக்கு இந்தக் குணம் மிக முக்கியம். வருடா வருடம் தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கும் நகரத்தார் காவடிப் பயணத்தில், தண்ணீர் கேன்களோடு ஜீப் பின்னால் போகும். நடை வேகம் மணிக்கு 5 கிலோமீட்டர். ஃபர்ஸ்ட் கியரில்கூட அதற்கு 570 சுற்றுதான் வருகிறது, ஐடிலுக்கும் (ஆக்சிலேட்டரைத் தொடாதபோது இன்ஜின் ஓடும் வேகம்) கீழே. கிளட்சை மிதித்து மிதித்து ஓட்டினால் பிளேட் கருகிவிடும். வேகத்தை இன்னும் குறைக்கும் கூடுதல் கியரான லோ ரேஞ்சில் போட்டால் 1400 சுற்று வரும், இன்ஜின் நிம்மதியாக ஓடும். ஆனால் இந்த ஜீப்பில் லோ போட்டால் முன் ஆக்சிலும் சேர்ந்துகொள்ளும். தார் ரோட்டில் அது நல்லதல்ல. முன் சக்கரங்களை ஆக்சிலோடு பிணைக்கும் ஹப் லாக்கைத் திறந்துவிட்டு ஓட்ட வேண்டும்.

இப்போது சிக்கல் புரிகிறதா? நெடுஞ்சாலை வேகத்துக்காகக் கிரவுனை 4.27-க்கு மாற்றினால், அதே டிராக்டர் இன்ஜின் 54-க்குப் பதில் 68-ல் ஓடும். நடை வேகத்திலோ ஃபர்ஸ்ட் கியர் சுற்று 570-லிருந்து 450-க்கு இறங்கிவிடும். முன் ஆக்சில், பின் ஆக்சில் இரண்டு கிரவுனையும் ஒன்றாக மாற்ற வேண்டிய செலவும் உண்டு. ஒன்று மட்டும் மாறினால் ஃபோர்வீல் போட்ட நிமிடமே பல்லும் ஷாஃப்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். இதையெல்லாம் பார்த்துவிட்டு, கிரவுனைத் தொடாமல் 4000 சுற்றுக்கு மேல் போகும் பெஜோவையே தேர்ந்தெடுத்தோம். டார்க் குறைவுதான். செட்டிநாட்டுப் பக்கம் ரோடெல்லாம் சமதளம், கண்மாய்க் கரை ஏறுவதுதான் பெரிய ஏற்றம். மலைப் பக்கத்தில் இருப்பவருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

பொருத்துவதில் முதலில் அளக்க வேண்டியது, இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் ஆயில் சேம்பரை. அதன் ஆழமான பகுதி முன் ஆக்சிலுக்கு மேலே வந்தால், பள்ளத்தில் விழும்போது ஆக்சில் எழும்பிச் சேம்பரை இடிக்கும். அடுத்தது இன்ஜினையும் கியர் பாக்சையும் இணைக்கும் தட்டு. இதை லேத்தில் கடைந்து கொடுப்பார்கள். கிராங்கின் மையமும் கியர் பாக்ஸ் ஷாஃப்டின் மையமும் தலைமுடி கனத்துக்கு மேல் விலகக் கூடாது. விலகினால் ஒவ்வொரு சுற்றிலும் ஷாஃப்ட் வளைந்து வளைந்து நிமிரும். முதலில் பேரிங் கத்தும், பிறகு கிளட்ச் பிளேட்டின் நடுவே விரிசல் விடும். போல்ட் ஓட்டைகள் சேர்ந்துவிட்டதாலேயே மையமும் சேர்ந்துவிட்டது என்று நினைப்பவர்கள் அதிகம். மைய விலகலை அளக்கும் டயல் கேஜ் வைத்துப் பார்க்காத பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

நடை வேகத்தில் டீசல் சூடேறும் என்ற பயம் தேவையில்லை. ஐடிலில் அது கொஞ்சம் டீசலையும் நிறையக் காற்றையும் எடுத்துக்கொள்வதால் பெட்ரோலைவிடக் குளிர்ச்சியாகவே இருக்கும். சோதனை வருவது சித்திரை வெயிலில், ஆள் நிறைந்த வண்டியை நெடுஞ்சாலையில் விடும்போது. அப்போது ரேடியேட்டர் போதுமானதாக இருக்க வேண்டும். எங்கள் பக்கத்து போர் தண்ணீரை ஊற்றினால், குழாய்க்குள் பிடிக்கும் உப்பு வெள்ளை ஏடு பித்தளையைவிடப் பல பத்து மடங்கு மெதுவாகத்தான் வெப்பத்தைக் கடத்தும். பேட்டரிக்கு ஊற்றும் சுத்தத் தண்ணீரும் கூலன்ட்டும் மட்டும் ஊற்றுங்கள்.

பிரேக் பூஸ்டர் (பெடலை மிதிக்கக் காலுக்கு உதவும் கருவி) போட்டிருந்தால் இன்னொன்று: பெட்ரோல் இன்ஜினில் காற்று வழியை மறிக்கும் த்ராட்டில் இருப்பதால் பூஸ்டருக்கு வேண்டிய வேக்கம் (உறிஞ்சும் விசை) இலவசமாகக் கிடைக்கும். டீசலில் அது இல்லை. தனி வேக்கம் பம்ப் உள்ள இன்ஜினாகப் பாருங்கள், இல்லாவிட்டால் பெடல் கல்லாக நிற்கும்.

கணினியின் கட்டளைப்படி டீசலைப் பீச்சும் காமன் ரெயில் இன்ஜின்கள் அருமையானவை. ஆனால் கணினி, சென்சார், வயரிங் எல்லாம் முழுதாகக் கூடவே வராவிட்டால் அந்த இன்ஜின் வெறும் இரும்பு. பழைய ஜீப்புக்கு மெக்கானிக்கல் பம்ப் போதும் என்பது என் முடிவு.

முன்பணம் கொடுக்கும் முன் ஆர்டிஓ அலுவலகத்துக்குப் போய்விடுங்கள். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52-ஆம் பிரிவு, ஆர்சி புத்தகத்தில் உள்ள விவரங்கள், வண்டியைத் தயாரித்தவர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. இன்ஜின் எண்ணும் எரிபொருளும் அந்த விவரங்களில் அடங்கும். உங்கள் வண்டிக்கு எது அனுமதிக்கப்படும் என்று கேட்டுக்கொண்ட பிறகே மற்றது. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பதும் அதைத்தான்.

பழைய இன்ஜினைப் பார்க்கப் போகிறவர் காலையில், அது ஆறிக் கிடக்கும்போதே போக வேண்டும். கை வைத்துப் பார்த்து, ஏற்கெனவே சூடாக இருந்தால் திரும்பி வந்து மறுநாள் போங்கள். பிஸ்டன் ரிங் தேய்ந்த இன்ஜினில் காற்று கசிந்து போதிய சூடு பிறக்காது. ஹீட்டர் பிளக் போட்ட பிறகும் நெடுநேரம் செல்ஃப் அடித்து, வெள்ளைப் புகை கக்கிக் கிளம்பும். ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அப்படியே வாய்மேல் வையுங்கள். மூடி லேசாக நடுங்கினால் பரவாயில்லை. துள்ளி விழுந்தால் பேக் கம்ப்ரஷன், அதாவது அழுத்தம் ரிங்கைத் தாண்டிக் கீழே கசிகிறது. எங்கள் பெஜோவை வாங்கும் முன் மூன்று இன்ஜின்களில் மூடி துள்ளியது. நான்காவதில் அது அசையாமல் உட்கார்ந்திருந்தது.