வலைப்பதிவு: ஒரு பொத்தானுக்குப் பின்னால்

1998-இல் ஒரு பத்தியை இணையத்தில் வெளியிட நான்கு வேலைகள் இருந்தன. இணையப் பக்கத்தை வடிவமைக்கும் குறிமொழியான எச்டிஎம்எல்-இல் கோப்பைக் கையால் எழுத வேண்டும். முகப்பில் புதியதை மேலே சேர்த்து, பழையதைக் கீழே தள்ள வேண்டும். பழைய பதிவுகளின் பட்டியலிலும் ஒரு சுட்டி போட வேண்டும். கடைசியாக எல்லாவற்றையும் கோப்புகளை அனுப்பும் முறையான எஃப்டிபி வழியாக, தளம் இருக்கும் கணினியான சர்வரில் ஏற்ற வேண்டும். சாய்வெழுத்தை மூடும் குறி ஒன்று விட்டுப்போனால் அதற்குக் கீழே உள்ள பக்கம் முழுக்கச் சாய்ந்துவிடும். எழுத ஆசைப்பட்டவர்கள் அன்றும் ஏராளம். இந்த வேலைக்குப் பொறுமை உள்ளவர்கள்தான் கொஞ்சம்.

1999 ஆகஸ்டில் பைரா லேப்ஸ் என்ற சிறு நிறுவனம் வெளியிட்ட பிளாகர் என்ற வலைப்பதிவுச் சேவை இந்த நான்கையும் ஒரு பொத்தானுக்குள் அடக்கியது. பெட்டியில் எழுதி அழுத்தினால் போதும். எழுத்து டேட்டாபேஸ் என்னும் தரவுக் கிடங்கில் சேரும். மென்பொருள் அதை டெம்ப்ளேட் என்னும் பக்க வார்ப்பில் பொருத்தி, முகப்பையும் பழைய பட்டியலையும் புதிதாக உருவாக்கி, சர்வருக்கு அனுப்பிவிடும். 2003 மே மாதம் வந்த வேர்ட்பிரஸ் என்ற வலைப்பதிவு மென்பொருள் வேறு வழியில் போனது. பக்கத்தை முன்கூட்டியே செய்து வைக்காமல், வாசகர் வரும்போது டேட்டாபேஸிலிருந்து எடுத்து அப்போதே கட்டித்தரும். டெம்ப்ளேட்டை மாற்றினால் ஆயிரம் பதிவுகளும் உடனே புதுத் தோற்றத்துக்கு மாறும் என்பது இதன் வசதி. ஒரு பதிவு திடீரென்று பிரபலமானால் டேட்டாபேஸ் மூச்சுத் திணறி, தளமே படுத்துவிடும் என்பது இதன் வினை. கட்டிய பக்கத்தின் நகலைச் சேமித்து அடுத்தவருக்கும் அதையே தரும் கேஷ் நிரல்கள் வந்தது அதனால்தான்.

எழுதுவது எளிதானால் மட்டும் போதாது. படிப்பவர் திரும்பி வர வேண்டும். இதற்கு இரண்டு உறுப்புகள் உதவின. ஒன்று, ஒவ்வொரு பதிவுக்கும் தனியான நிலைத்த முகவரி. முகப்பில் இருப்பது நாளை கீழே இறங்கிவிடும் என்பதால், அதற்கு முன் இன்னொருவரின் பதிவைக் குறிப்பிட்டு விவாதிப்பது எளிதாக இல்லை. நிலைத்த முகவரி வந்த பிறகுதான் பதிவுக்கு எதிர்ப்பதிவு என்ற பழக்கம் வேர் பிடித்தது. முகவரியின் அமைப்பை நடுவில் மாற்றுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்கு அனுப்பும் 301 திருப்பல் போடாவிட்டால், வெளியிலிருந்து வந்த அத்தனை சுட்டிகளும் 'பக்கம் இல்லை' என்னும் 404-இல் போய் நிற்கும்.

மற்றொன்று செய்தியோடை, அதாவது ஆர்எஸ்எஸ். அண்மைப் பதிவுகளின் தலைப்பு, முகவரி, தேதி, அடையாள எண் ஆகியவற்றை கணினி படிக்கும் வகையில் அடுக்கிய எக்ஸ்எம்எல் கோப்பு, அவ்வளவுதான். பல தளங்களின் ஓடைகளைத் திரட்டி வாசகருக்குக் காட்டும் ஓடைப் படிப்பான் அவ்வப்போது சர்வரிடம் 'போன முறைக்குப் பிறகு ஏதாவது மாறியதா' என்று கேட்கும். இல்லையென்றால் 'மாற்றமில்லை' என்று பொருள்படும் 304 என்ற சிறு பதிலோடு சர்வர் முடித்துக்கொள்ளும். கோளாறு வருவது நுணுக்கமான இடங்களில். தலைப்பில் ஒரே ஒரு '&' குறி உரிய வடிவில் மாற்றப்படாமல் போனால் கோப்பு முழுவதுமே செல்லாததாகி, கறாரான படிப்பான் அதைத் திறக்க மறுத்துவிடும். தளத்தை இடம் மாற்றும்போது அடையாள எண்கள் மாறிவிட்டால், என்றைக்கோ படித்ததெல்லாம் 'புதியவை' என்று வாசகரிடம் மறுபடியும் வந்து குவியும்.

சரி, பணம் தராத இந்த வேலையை ஏன் செய்கிறார்கள்? போனி நார்டியும் சக ஆய்வாளர்களும் வலைப்பதிவர்களைப் பேட்டி கண்டு 2004-இல் ஐந்து காரணங்களைச் சொன்னார்கள்: வாழ்க்கையைப் பதிந்து வைக்க, கருத்துச் சொல்ல, மனதில் கனப்பதை இறக்கி வைக்க, எழுதியபடியே யோசிக்க, ஒரு கூட்டத்தோடு சேர்ந்திருக்க. இவற்றில் எழுதியபடியே யோசிப்பதுதான் குறைவாகப் பேசப்படுவதும், நீண்ட நாள் தாங்குவதும் என்று தோன்றுகிறது. மற்றவை வாசகரை நம்பியிருக்கின்றன. இது அவ்வளவாக இல்லை.

தன்னைப் பற்றிச் சொல்வதிலேயே ஒரு சுகம் உண்டு. 2012-இல் வெளியான ஓர் ஆய்வில் டயானா டாமிரும் ஜேசன் மிட்செலும், தம் கருத்தைச் சொல்லும் வாய்ப்புக்காக மக்கள் கிடைக்கவிருந்த பணத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுப்பதைக் காட்டினார்கள். அந்த நேரத்தில் மூளையில் வெகுமதி உணர்வோடு தொடர்புடைய பகுதிகள் கூடுதலாகச் செயல்பட்டன. மனதை இறக்கி வைப்பதற்கும் சான்று உண்டு. ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், துயரங்களைப் பற்றி நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுதிய மாணவர்கள் அடுத்த மாதங்களில் மருத்துவ மையத்துக்குக் குறைவாகவே போனார்கள். பின்னால் வந்த ஆய்வுகளில் இந்த விளைவு சிறியதாகவும் ஆளுக்கு ஆள் மாறுவதாகவும் தெரிந்தது. தவிர, அவர்கள் எழுதியது ஊரறிய அல்ல.

ஊரறிய எழுதுபவரை ஓட்டுவது பின்னூட்டம். அதுவே பலவீனமும் ஆனது. தேடுபொறிகள் சுட்டிகளை எண்ணித் தளங்களை வரிசைப்படுத்தியதால், விளம்பரக்காரர்கள் தானியங்கி நிரல்களை வைத்துப் பின்னூட்டப் பெட்டிகளில் சுட்டிகளைக் கொட்டினார்கள். 2005 ஜனவரியில் 'இந்தச் சுட்டியைக் கணக்கில் எடுக்காதே' என்னும் நோஃபாலோ குறியைக் கூகுள் கொண்டுவந்தும் குப்பை நிற்கவில்லை. உரையாடல் சமூக ஊடகங்களுக்கு நகர்ந்தது. 2013 ஜூலையில் கூகுள் ரீடர் என்ற ஓடைப் படிப்பானும் மூடப்பட்டது.

இன்று தொடங்குபவர் சொந்த டொமைனில், அதாவது தம் பெயரில் பதிந்த இணைய முகவரியில், தொடங்குவது நல்லது. சேவை மாறினாலும் முகவரி மாறாது. மாதம் ஒருமுறை ஏற்றுமதிக் கோப்பை இறக்கி வைக்கலாம். வேர்ட்பிரஸ் தரும் எக்ஸ்எம்எல் கோப்பில் எழுத்தும் பின்னூட்டமும் இருக்கும். படங்களின் முகவரி மட்டுமே இருக்கும், படங்கள் இருக்காது. அவற்றுக்கு, படங்கள் சேமிக்கப்படும் அப்லோட்ஸ் கோப்புறையைத் தனியாக நகலெடுக்க வேண்டும்.