உரச்சாக்கில் ஐந்து பெட்டைக்குட்டிகள்

சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்த தை மாதத்தில், அரசலாற்றிலிருந்து பிரியும் வாய்க்கால் ஒன்றின் மதகடியில் ஏதோ முனகுகிறது என்று, ஆடு மேய்க்கச் சென்ற அம்மா ஒருவர் எங்கள் நாய்க் காப்பகத்துக்குச் சொல்லி அனுப்பினார். சென்று பார்த்தபோது கிடந்தது ஒரு யூரியா சாக்கு. அதன் வாயை நீல நைலான் கயிற்றால் இரண்டு சுற்றுச் சுற்றி, அவிழ்க்க முடியாதபடி முடிச்சிட்டிருந்தார்கள். உள்ளே கண் திறக்காத ஐந்து குட்டிகள். இரண்டின் வயிற்றில் தொப்புள்கொடி காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. ஐந்துமே பெட்டை. ஓர் ஈத்தில் ஐந்தும் பெட்டையாகப் பிறப்பது நடக்கக்கூடியதுதான். ஆனால் அந்தக் குளிர்காலத்தில் எங்களிடம் வந்த மூன்றாவது சாக்கு அது. மூன்றிலும் ஒரு கடுவன்கூட இல்லையென்றால், யாரோ தாயின் மடியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, புரட்டிப் பார்த்து, பிரித்துக் கட்டியிருக்கிறார்கள் என்றுதான் பொருள்.

பெட்டை வேண்டாம் என்பதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று மட்டும் உண்மை: பருவம் வந்தால் தெருவிலுள்ள கடுவன்களெல்லாம் வாசலில் கூடும், சண்டையிடும், அடுத்த இரண்டு மாதத்தில் குட்டிகள் வரும். கருத்தடை செய்த பெட்டைக்கு இவற்றில் எதுவும் இல்லை. காவலுக்கு ஆகாது என்பது வெறும் பேச்சு. எங்கள் காப்பகத்தின் வேலியோரம் இரவில் சருகு அசைந்தாலும் முதலில் குரல் கொடுப்பவை பெட்டைகள்தான். ஆனாலும், தத்தெடுக்க வருபவர் செருப்பைக் கழற்றும்போதே கேட்பது, "கடுவன் இருக்குங்களா?" என்பதைத்தான்.

இதையெல்லாம் ஒப்புக்கொள்பவர்கூடக் கடைசியில், "ஓர் ஈத்தாவது போடட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்பார். இந்தப் பேச்சைக் கேட்காமல் எனக்கு ஒரு வாரம் கழிவதில்லை. குட்டி போடாத நாய்க்கு ஏக்கம் பிடிக்கும், குணம் கெடும், நோய் வரும் என்கிறார்கள். வராத குட்டியை நினைத்து எந்த நாயும் ஏங்குவதில்லை. அந்த ஏக்கம் நம்முடையது. நோயைப் பற்றிய நம்பிக்கையோ முற்றிலும் தலைகீழ். கருப்பையில் சீழ் பிடிப்பது குட்டி போட்டதற்கும் வரும், போடாததற்கும் வரும். கருப்பையையே எடுத்துவிட்டால் வருவதற்கு இடமில்லை. மார்புக்கட்டி வரும் வாய்ப்பு, முதல் பருவத்துக்கு முன்பே அறுவை சிகிச்சை செய்துகொண்ட பெட்டைகளில்தான் மிகக் குறைவு. இணைசேர்க்கையால் பரவும் பிறப்புறுப்புக் கட்டி இன்னொன்று. இரத்தம் சொட்டுவதைப் பருவம் என்று நினைத்து மாதக்கணக்கில் விட்டுவிட்டுப் பிறகு தூக்கி வருகிறார்கள். (வாரம் ஒரு வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து ஊசி என்று சில வாரம் போட்டால் பெரும்பாலும் கரைந்துவிடும். ஆனால் அந்த மருந்து இரத்தக்குழாயை விட்டு வெளியே கசிந்தால் சதை புண்ணாகிவிடும் என்பதால், துள்ளும் நாயின் காலைப் பிடித்துக்கொண்டிருப்பவர் படும் பாடு தனி.) அந்த "ஓர் ஈத்தில்" பிறக்கும் பெட்டைகளுக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் மட்டும் பதில் வருவதில்லை.

சாக்கை அவிழ்க்கும் நல்ல மனத்தவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சில்லிட்டுப்போன குட்டிக்கு முதலில் சூடு, பிறகுதான் பால். குளிர்ந்த வயிற்றில் பால் செரிக்காது. கைக்குழந்தையைப் போல மல்லாக்கக் கிடத்திப் பாலாடையால் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். முந்தைய சாக்கில் ஒரு குட்டி, மூக்கில் பால் நுரைக்க, அப்படித்தான் போயிற்று. குப்புறக் கிடத்தித் தலையைச் சற்றே உயர்த்தி, புட்டியைச் சப்பக் கொடுங்கள். பசும்பாலில் கொழுப்பும் புரதமும் நாய்ப்பாலைவிடக் குறைவு. நாய்க்குட்டிகளுக்கென்றே விற்கும் பால்பொடிதான் சரி. இரண்டு மூன்று மணிக்கொரு முறை, இரவிலும் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் அடிவயிற்றின் கீழே தடவிவிடுங்கள். ஏறத்தாழ மூன்று வாரம் வரை, தாய் நக்கிவிட்டால்தான் அவற்றுக்குச் சிறுநீரே கழியும்.

தாயை யாரும் நினைப்பதில்லை. பசுவுக்கு மடிநோய் என்றால் அந்த நிமிடமே மருத்துவரைத் தேடி ஓடுபவர், குட்டிகளைப் பறிகொடுத்த நாயின் மடி பால் கட்டிக் கல்லாகிக் கிடப்பதைப் பார்ப்பதில்லை. வளர்ப்பு நாயின் தடுப்பூசியும் கருத்தடையும் உரிமையாளரின் பொறுப்பு என்று 2023ஆம் ஆண்டின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் சொல்கின்றன. பசியாலும் தாகத்தாலும் வாடும்படி கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். குட்டிகள் பால் மறந்து மடி வற்றியதும், ஈன்ற இரண்டு மாதமளவில், அறுவை சிகிச்சைக்குக் கொண்டுசெல்லுங்கள். தஞ்சை மாவட்டத்தில், ஒரத்தநாட்டில், கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

எங்கள் சுற்றுச்சுவருக்கு மேலாக இரவில் குட்டிகளைப் போட்டுவிட்டுப் போகிறவர்களுக்கும் சொல்ல வேண்டும். குட்டிகளை வாந்தியும் இரத்தக் கழிச்சலுமாகக் கொல்லும் பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும், சோப்புநீருக்கெல்லாம் சாகாது. அதனால்தான் புதிதாக வரும் குட்டிகளை இரண்டு வாரம் தனியறையில் வைக்கிறோம். சுவர் தாண்டி வரும் குட்டியோ, தடுப்பூசி முடியாத குட்டிகள் விளையாடும் முற்றத்தில் நேரே வந்து விழுகிறது. பெயர் கேட்க மாட்டோம். திட்டவும் மாட்டோம், திட்ட வேண்டியதை இங்கேயே திட்டியாயிற்று. தாயையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள், குட்டிகள் பால் மறக்கும்வரை இரண்டையும் நாங்களே வைத்துக்கொள்கிறோம். கேட்டின் இடப்பக்கத் தூணில் மணி இருக்கிறது. பால் கொடுப்பதற்காக எந்த நேரமும் யாராவது ஒருவர் விழித்திருப்போம்.