கடிவாயில் எதற்கு இன்னொரு ஊசி?

போன ஆடியில் ஒரு சாயங்காலம், கானாடுகாத்தான் பக்கத்திலிருந்து ஓர் அப்பத்தா பேத்தியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். பூட்டிக் கிடக்கும் பெரிய வீட்டுத் திண்ணையில் நாய் குட்டி போட்டிருக்கிறது. குட்டியைத் தொடப் போன பிள்ளையின் புறங்கையில் இரண்டு பல் ஆழமாக இறங்கியிருந்தது. கடிவாய் முழுக்க மிளகாய்த்தூள்!

குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவினோம். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வேண்டாம். வீட்டிலேயே இப்படிக் கழுவிவிட்டு வந்தால் போதும்.

தோளில் வெறிநாய்க்கடித் (ரேபிஸ்) தடுப்பூசி போட்டதும் அப்பத்தா கிளம்ப எழுந்தார். கடிவாயில் சீரம் போட வேண்டும் என்றேன். "அதான் ஊசி போட்டாச்சே டாக்டர், புண்ணுக்குள்ளயுமா குத்துவாக?"

நியாயமான கேள்விதான். தடுப்பூசி நம் உடம்புக்கு எதிர்ப்புப் பொருள் தயாரிக்கக் கற்றுக்கொடுக்கிறது. கற்று முடிக்க ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதற்குள் கிருமி நரம்பைப் பிடித்து மூளைக்கு ஏறத் தொடங்கிவிடலாம். ஏறி நோய் வெளிப்பட்டால் அநேகமாகப் பிழைப்பதில்லை. அந்த இடைவெளிக்குத்தான் சீரம். வேறோர் உடம்பில், குதிரையிலோ மனிதரிலோ, ஏற்கெனவே உருவான எதிர்ப்புப் பொருளைக் கிருமி நுழைந்த இடத்திலேயே நிரப்புகிறோம். 1890-ல் பெர்லினில் பேரிங், கிடசாட்டோ என்ற இரு விஞ்ஞானிகள் தொண்டை அடைப்பானுக்கும் ரணஜன்னிக்கும் கண்டறிந்த அதே வழி.

அப்பத்தா கொஞ்சம் யோசித்தார். "அப்ப இது கைமாத்து. ஊசி சொந்தச் சம்பாத்தியம்." வட்டிக்கணக்கு தெரிந்த ஊர், நான் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

பிள்ளை 20 கிலோ. குதிரைச் சீரம் கிலோவுக்கு 40 யூனிட், ஆக 800. கூடுதலாகப் போட்டால் தடுப்பூசியின் வேலையே மட்டுப்படும். அன்று விட்டுப்போனாலும் முதல் தடுப்பூசியிலிருந்து ஏழு நாளுக்குள் போடலாம். அதன்பின் சொந்தச் சரக்கு வந்துவிடுகிறது, சீரம் தேவையில்லை.

கைமாற்று வேறு இடங்களிலும் உண்டு. தாய்க்கு ஈரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி இருந்தால், பிறந்த 12 மணி நேரத்துக்குள் குழந்தைக்கு ஒரு தொடையில் தடுப்பூசி, மறு தொடையில் இம்யூனோகுளோபுலின், அதாவது தயாராக உள்ள எதிர்ப்புப் பொருள். "பச்சைப் பிள்ளைக்கு ரெண்டு ஊசியா?" என்று தள்ளிப்போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். கர்ப்பிணிக்குப் போடும் ரணஜன்னி ஊசியும் இப்படித்தான். தாயின் உடம்பு உருவாக்கும் எதிர்ப்புப் பொருள் நஞ்சுக்கொடி வழியே சிசுவுக்குப் போகிறது. அப்புறம் சீம்பால். அதைப் பீய்ச்சிக் கொட்டும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது.

ஆனால் கைமாற்று நிலைக்காது. மனிதச் சீரம் சுமார் மூன்று வாரத்தில் பாதியாகிவிடும். குதிரைச் சீரம் அதைவிடச் சீக்கிரம் கரையும். அதனால்தான் 0, 3, 7, 28-ஆம் நாள் என்று தடுப்பூசிக்குத் தேதி எழுதிக் கொடுக்கிறோம்.

ஏழாம் நாள் வந்தபோது புண் ஆறியிருந்தது. "அதான் ஆறிருச்சே, கடைசி ஊசிக்கும் வரணுமா?" என்று பிள்ளையின் அப்பா கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் அப்பத்தா திரும்பினார்: "கைமாத்து அதுக்குள்ள கரைஞ்சிரும்டா. தேதியை எழுதி வச்சுக்க."